கலாட்டாவில் கச்சேரி

"கலாட்டா" என்றதும் கல்வீச்சும் சோடாப் புட்டியும் ஞாபகத்துக்கு வரவேண்டாம், நேயர்களே! துருக்கி தேசத்து இஸ்தான்புல் நகரத்தில் கலாட்டா என்று ஒரு பழைய பேட்டை இருக்கிறது. ஜெனோவா நகரத்து வியாபாரிகள் 1348-ல் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று அங்கே இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அந்தக் கோபுரத்தை நோக்கிச் சரேலென்று இறங்கும் ஒரு குறுகலான தெருவுக்குத்தான் இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன். கருங்கல் பாவிய சரிவு. குதிகால் உயர்ந்த செருப்பை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் வாத்தியக் கடைகள். வயிறு பருத்த ஊத், கழுத்து நீண்ட பாக்லமா, விரல் நுனியால் தட்டும் தார்புகா, நாணலில் செய்த நெய் (மளிகைச் சாமானல்ல, புல்லாங்குழல்!) எல்லாம் தொங்குகின்றன. பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிதாரும் சாக்ஸபோனும். தெருவின் பெயர் காலிப் தேதே. மேல் முனையில் இருக்கும் மௌலவி சூபிகளின் மடத்துக்குத் தலைவராயிருந்த கவிஞர் அவர். வெள்ளை அங்கி சுழலச் சுழல நெய்க்குழல் ஓசையில் தெய்வத்தை நினைத்தவர்களின் மடம் அது, 1491-ல் ஏற்பட்டது. 1925-ல் துருக்கி சர்க்கார் அத்தகைய மடங்களையெல்லாம் மூடிற்று. இப்போது அது பொருட்காட்சி சாலை.

கடைகளில் பளபளவென்று தொங்கும் வெண்கலத் தாளத் தட்டுகளைச் சற்று நின்று பாருங்கள். இந்த ஊரில் 1623-ல் ஆர்மீனியர் ஒருவர் தொடங்கிய தொழில் அது. அவருடைய குடும்பத்துக்கு ஸில்ட்ஜியன், அதாவது "தாளம் செய்கிறவர்" என்றே பெயர் வந்துவிட்டது. செம்பும் வெள்ளீயமும் சேரும் பக்குவம் அவர்கள் வீட்டு ரகசியம். குடும்பத்தின் ஒரு கிளை 1929-ல் அமெரிக்காவில் பட்டறை போட்டது. அமெரிக்க ஜாஸ் மேளக்காரர்கள் "இஸ்தான்புல் தட்டு" என்றால் உயிரை விடுவார்கள். இஸ்தான்புல்லுக்கு ஜாஸ் வந்த கதை ஒரு பக்கம். ஜாஸுக்குள் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்த கதை இது.

ஜாஸ் இங்கே வந்த விதமும் ஒரு நாவல்தான். அமெரிக்காவில் மிஸிஸிபி மாநிலத்தில் அடிமைகளாயிருந்த நீக்ரோப் பெற்றோருக்குப் பிறந்தவர் பிரெடரிக் புரூஸ் தாமஸ். மாஸ்கோவுக்குப் போய்ப் பெரும் பணக்காரரானார். புரட்சியில் எல்லாம் பறிபோக, உயிர் தப்பி 1919-ல் இஸ்தான்புல் வந்து சேர்ந்தார். 1921-ல் "மாக்ஸிம்" என்ற கேளிக்கை விடுதியைத் திறந்து, ஊரை ஜாஸுக்கு ஆடவைத்தார். கடைசியில் கடனில் மூழ்கி 1928-ல் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். தேசத்தை நவீனமாக்கவேண்டும் என்ற வேகத்தில், 1934 நவம்பரில் துருக்கி சர்க்கார் தன் ரேடியோவில் பழைய துருக்கி சங்கீதத்துக்கே தடை போட்டது! நம் ஊர் ரேடியோ 1940-ல் ஆர்மோனியத்துக்குக் கதவடைத்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு வாத்தியத்தோடு போயிற்று. அங்கேயோ, தாத்தா பாட்டி பாடிய பாட்டே மேடை ஏற லாயக்கில்லாதது என்றாகிவிட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முள்ளைத் திருப்பி, அரபு தேசத்து நிலையங்களைக் கேட்டார்கள். 1936-ல் தடை நீங்கியது. ஆனால் "மேல்நாட்டுச் சங்கீதம் உசத்தி, நம்முடையது மட்டம்" என்று மனத்தில் பட்ட வடு அவ்வளவு சுலபத்தில் ஆறுமா?

அமெரிக்கப் பியானோ வித்வான் டேவ் புரூபெக் 1958-ல் இந்த ஊருக்கு வந்தார். (அதே சுற்றுப் பயணத்தில் சென்னைக்கும் வந்து போனவர்தான்.) ரேடியோ நிலையத்துக்குப் போகிற வழியில் தெருப் பாட்டுக்காரர்கள் ஒரு தினுசான தாளத்தில் வாசிப்பதைக் கேட்டு நின்றுவிட்டார். ஒன்பது அட்சரம். ஆனால் மூன்று மூன்றாக அல்ல. "தக, தக, தக, தகிட" என்று சொல்லி, அடுப்படி மேடையில் தட்டிப் பாருங்கள். கடைசியில் ஒரு கால் நொண்டும் அல்லவா? துருக்கியர் அந்த ஜாதித் தாளங்களுக்கு வைத்த பெயரே "அக்ஸாக்", அதாவது நொண்டி! புரூபெக் அதை மனத்தில் போட்டுக்கொண்டு போய், 1959-ல் "புளூ ரோண்டோ அ லா டர்க்" என்று இசைத்தட்டில் கொடுத்தார். உலகம் தாளம் போட்டது. தெருவில் கிடந்த சரக்குக்கு அயலூர்க்காரர் வந்து மதிப்புப் போடவேண்டியிருந்தது!

ஆனால் என் மனத்தை அதைவிட அதிகம் கவர்ந்தவர் எர்கான் ஓகுர். கிதார் பயின்ற இந்தத் துருக்கியருக்கு ஒரு சங்கடம். நம் வீணையைப் போல் கிதாருக்கும் கழுத்தில் மெட்டுகள் உண்டு. ஸட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே கிதாரில் ஒரே ஒரு ஸ்வரம்தான் அகப்படும். துருக்கி சாஸ்திரமோ அந்த இடைவெளியை ஒன்பது "கோமா"க்களாகப் பிரிக்கிறது. பாக்லமாவில் மெட்டுகளை நரம்பால் கட்டியிருப்பார்கள்; வேண்டுமானால் நகர்த்தலாம். கிதாரில் உலோகத்தை அடித்து இறுக்கியிருக்கிறதே! பாட்டை வெட்டிக் கிதாரில் அடைப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இவர் கிதாரை மாற்றினார். 1976-ல் மெட்டுகளே இல்லாத கிதார் ஒன்றைச் செய்துகொண்டார். நம் கோட்டுவாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போய், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள கண்ணீரையெல்லாம் தொட்டுவிட்டு வரும். அதில் அவர் அனடோலியக் கிராமத்துப் பாட்டையும் வாசிக்கிறார், ஜாஸும் வாசிக்கிறார். இரண்டில் எதற்கும் அங்கஹீனமில்லை.

ஓகாய் தெமிஸ் என்ற மேளக்காரர் வேறு ரகம். பாத்திரக்காரர் கைவேலைபோல் செம்பில் அடித்த மத்தளங்களைத் தாமே செய்துகொண்டவர். ஸ்வீடனில் குடியேறி, மஃபி ஃபாலாய் என்ற டிரம்பெட் வித்வானோடு சேர்ந்து, 1970-களில் துருக்கி நாட்டுப்புறத் தாளங்களை ஜாஸ் மேடையில் ஏற்றினார்.

இவர்களுக்கெல்லாம் பிள்ளை வயதில் வந்தவர் ஹுஸ்னு ஷென்லென்திரிஜி. 1976-ல் பெர்காமா என்ற ஊரில் ரோமா ஜாதியில் பிறந்தவர். கலியாண வீடுகளில் வாசித்துப் பரம்பரையாக ஜீவனம் செய்தவர்கள் அவர்கள். நம் நாயனக்காரர் குடும்பங்களைப் போல. தகப்பனார் டிரம்பெட், தாத்தா கிளாரினெட். பேரன் கையிலும் கிளாரினெட். துருக்கியில் வழங்கும் கிளாரினெட் கொஞ்சம் நீளமானது, சுருதியும் தாழ்ந்தது. உதட்டின் பிடியைத் தளர்த்தியே ஸ்வரத்தை அழவைப்பார். "லாச்சோ தாய்ஃபா" என்ற தமது கோஷ்டியோடு, நியூயார்க் புரூக்லின் கோஷ்டி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 1998-ல் தட்டு வெளியிட்டார். கேட்டால், கலியாணப் பந்தலில் அமெரிக்கப் பிள்ளைகள் புகுந்து ஆடுவது மாதிரி இருக்கும். ஆனால் பந்தல் யாருடையது என்பதில் சந்தேகமே வராது.

கலப்பெல்லாம் நல்ல கலப்பு என்று நான் சொல்லவில்லை. எந்திர மேளத்தை முடுக்கிவிட்டு, அதன்மேல் நெய்க்குழலை இரண்டு சொட்டுத் தெளித்து, வெளியூர்க்காரர் தலையில் கட்டும் தட்டுகளும் ஏராளம். பாயசத்தில் பெருங்காயம் போட்டுவிட்டுப் புதுமை என்றால் யார் சாப்பிடுவார்கள்?

போகிறவர்கள் கோடையில் போங்கள். 1994-லிருந்து ஆண்டுதோறும் ஜாஸ் விழா நடப்பது அப்போதுதான். போக முடியாதவர்கள் வீட்டிலேயே கேட்கலாம். ஓகுரும் இஸ்மாயில் ஹக்கி தெமிர்ஜிஓலுவும் சேர்ந்து 1998-ல் கொடுத்த "குலுன் கோகுசு வர்தி" தட்டை, குழந்தைகள் தூங்கின பிறகு போடுங்கள். ஹுஸ்னுவின் தட்டைப் பகலில் போடுங்கள். அது கேட்டுக்கொண்டிருந்தால் யாரும் தூங்கமாட்டார்கள்.