மீண்டு வந்தோரும் குளிர்த்தியும்

விழா மலர்க் குழுவினர் எம்மை அணுகி, பழைய மாணவர் என்ற உரிமையில் இலக்கியக் கட்டுரையொன்று தருமாறு பணித்தபொழுது, எம் நினைவில் முதலில் எழுந்தது இலக்கியமன்று, மண்முனைப் பாதையே. வாவிக்கு அப்பால், படுவான்கரைச் சிற்றூரொன்றிற் பிறந்த யாம் தொண்ணூறுகளில் நம் கல்லூரியிற் பயின்றோம். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அப்பக்கத்து மக்கள் எழுவான்கரை சேர்வதற்குப் பாதையேறியே வந்தனர். (வெளியூர் அன்பர் பொருட்டு ஒன்று: மட்டக்களப்பிற் 'பாதை' என்பது மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றி நீர் கடக்கும் மிதவை.) விடியுமுன் புறப்பட்டு, கரைக்குக் கரை அடையாள அட்டை காட்டி, கல்லூரி மணி அடிக்குமுன் வந்துசேர்தல் அக்காலத்தில் ஒரு சிறு வீரச்செயலே. எம் அம்மம்மா துறைவரை வந்து வழியனுப்புவார். மாலையில் மீளும்போதும் அவ்விடத்திலேயே நிற்பார். இடைப்பட்ட பொழுதில் அவர் வீட்டுக்குப் போய் வந்தாரா என யாம் ஒருநாளேனும் கேட்டோமில்லை.

நிற்க. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்ற காலத்து, அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நூலொன்றின் கருத்து எமக்கு அறிமுகமாயிற்று. 'ஆயிரம் முகங்கொண்ட வீரன்' எனப் பொருள்படும் தலைப்பினது அந்நூல். உலகத்துப் புராணங்களும் காவியங்களும் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்கின்றன என்பது அவர் துணிபு. வீரன் தன் ஊரை நீங்குகிறான், எல்லை கடக்கிறான், சோதனைகளுக்கு ஆளாகிறான், அரும்பொருளொன்றைப் பெற்று ஊருக்கு மீள்கிறான். இவ்வறிஞர் நம்மவர்க்கு முற்றும் அந்நியருமல்லர். ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அமுதமொழிகளைச் சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலப்படுத்தி 1942இல் வெளியிட்டபோது அவருக்குத் துணைநின்றோருள் கேம்பலும் ஒருவர்.

புதிய அளவுகோல் கைக்கு வந்தவன் காண்பதையெல்லாம் அளப்பான். யாமும் அளந்தோம். பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யப் போன அருச்சுனன் அளவுக்கு ஒத்தான். இருபது ஆண்டு கழித்து இரவலன் கோலத்தில் வீடு திரும்பிய கிரேக்கத்து ஒடிசியசும் ஒத்தான். நம் பகுதியிற் கண்ணகை அம்மன் கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையிலோ முழுதும் பொருந்தும் கடற்பயணம் ஒன்று உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் கப்பலோட்டிச் செல்கிறான், வெடியரசன் வழிமறிக்கப் போர் புரிகிறான், மணியோடு மீள்கிறான். இளங்கோவடிகள் பாடாத இப்பகுதியைக் கேட்கும் எம்மூர்க் கிழவர், தாமே தண்டு வலித்தவர் போல நிமிர்ந்திருப்பர்.

கதையிலன்றி வாழ்விற் காணவேண்டின், காரைதீவினரான சுவாமி விபுலாநந்தரை எண்ணுக. 1892இற் பிறந்த மயில்வாகனனார் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியையும் வகித்தபின், 1922இல் அனைத்தையும் விட்டுச் சென்னையில் ஸ்ரீ ராமகிருஷ்ண மடஞ் சேர்ந்தார். 1924இற் காவி பெற்றார். அடுத்த ஆண்டு ஈழம் மீண்டார். கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வழக்கொழிந்த பழந்தமிழ் யாழை நூல்வழியே மீட்கப் பல்லாண்டு உழைத்தார். யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் மறைந்தார். அவர் உடல் தாம் வளர்த்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் பெற்றது. பெற்றுவந்த பொருளை ஊருக்கு அளித்தவர், ஊர் தமக்கு அளிப்பதைப் பெற இரு மாதந்தானும் தங்கினாரல்லர்.

இவ்வாறெல்லாம் அளந்து திரிந்த செருக்கில் யாம் செய்த பிழையொன்றை இம்மலரிற் பதிவுசெய்வது கடன். 2011ஆம் ஆண்டு; எழுவான்கரைப் பாடசாலையொன்றிற் பத்தாந்தர வகுப்பு. வீரன் செல்லும் தடத்தைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து விளக்கியபின், 'நான் அறிந்த வீரர்' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். பண்டாரவன்னியன் பலரிடமிருந்து வந்தான்; கர்ணன் சிலரிடமிருந்து வந்தான். ஒரு மாணவன் மட்டும் தன் தாயைப் பற்றி எழுதியிருந்தான்.

அவனுக்கு நான்கு வயதானபோது தாய் பணிப்பெண்ணாகச் சவூதி சென்றார். மீண்டபோது அவனுக்கு வயது பதினொன்று. வந்தவர் யாரெனத் தெரியாது கதவின் பின் ஒளித்தானாம். தாய் கட்டிலிற் படுக்காமல் அடுக்களை நிலத்திற் படுத்தார்; நான்கு மணிக்கே எழுந்து, ஒருவரும் ஏவாமல், வீடு முழுதும் துடைத்தார். முன்னங்கையில் மின்னழுத்தி சுட்ட தழும்பு இருந்தது. 'எப்படி வந்ததென்று கேட்டேன். அம்மா சொல்லவில்லை' என எழுதியிருந்தான். இறுதி வரி இது: 'எங்கள் வீட்டு ஓடு எல்லாம் அம்மா கொண்டு வந்தது.'

யாம் எழுத்துப்பிழைகளை வட்டமிட்டோம். கீழே, 'வீரம் யாண்டுளது? தலைப்புக்குப் பொருந்தாது' எனச் சிவப்பு மையில் எழுதி, இருபதுக்கு எட்டுப் புள்ளி இட்டோம். நீங்குதலும் சோதனையும் அரும்பொருளும் மீளுதலும் அத்தனையும் அவன் தாளில் இருந்தன. கரும்பலகை வட்டத்தைக் கற்பித்த ஆசிரியருக்கே அது புலப்படவில்லை.

புலப்பட்டது அவ்வாண்டு வைகாசியில். ஆண்டுக்கொருமுறை திறக்கும் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறந்து, வழக்குரை படித்து முடிய, குளிர்த்தி நாள் வந்தது. மதுரையை எரித்துத் தணியாத வெம்மையோடு வந்த அம்மையை ஆயர் மகளிர் குளிர்வித்தனர் என்பது நம் நாட்டு வழக்கு. கட்டாடியார் குளிர்த்திப் பாடலைத் தொடங்கினார். கும்பநீரும் மஞ்சளும் வேப்பிலையுமாக நின்ற கூட்டத்தில், எம் பக்கத்திருந்த மூதாட்டி ஒருவர் அம்மையைத் தம் மகளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "புள்ள வெக்கையோட வந்திருக்கா; நல்லாக் குளிர வையுங்க" என்றார்.

எமக்கு அச்சொல் சுட்டது. வெற்றியோடு மீண்டவர் வெம்மையோடும் மீள்வர். அதனைத் தணிக்க வேண்டியவர் ஊரிலிருந்தோர். கேம்பலும், மீளுதலே அரிது, மீண்டவரை ஊர் ஏலாது போவதும் உண்டு என எழுதியவர்தாம். ஆயினும் ஊரின் கடமை இன்னதென்று சடங்காகவே வகுத்துவைத்திருப்பதை யாம் கண்டது இவ்வாவிக்கரையிலேயே. மீண்டு வந்த சீதையைத் தீயில் இறங்கவைத்த கதையை யாம் ஆண்டுதோறும் உருக்கமாகக் கற்பிக்கிறோம். எம் வகுப்பிலோ ஒரு தாயின் கதைக்குச் சிவப்பு மை பூசியிருந்தோம்.

விடுமுறை கழிந்ததும் அம்மாணவனை அழைத்து, திருத்தித் தருவதாகக் கூறி அக்கொப்பியைக் கேட்டோம். "அந்த ஒற்றையைக் கிழிச்சிட்டன் சேர்" என்றான். சற்று நின்று, "அதுக்கு முதல் அம்மா வாசிச்சிட்டா. நீங்க எழுதினதையும் வாசிச்சா" என்றான். எமக்கு மறுமொழி வரவில்லை. புள்ளிப் பதிவேட்டில் எட்டைப் பதினெட்டாக்கினோம். அஃது எமக்கும் அவனுக்கும் ஒரு பொருட்டாகவில்லை. அவ்வீடு பாடசாலைக்கு அணித்தேயாயினும், சென்று அவ்வன்னையாரைக் காணும் துணிவு எமக்கு வந்ததில்லை. மாணவன் இன்று கட்டாரிற் பணிபுரிகிறான் எனக் கேள்வி.

சென்ற வைகாசியில் அதே கோயிலிற் குளிர்த்தித் தீர்த்தம் பெற நெடுவரிசையில் நின்றோம். எமக்கு முன் நின்ற அம்மையார் திரும்பி நோக்கி, "நீங்க மகன்ட சேர் தானே?" என்றார். சேலைத் தலைப்பு விலகிய முன்னங்கையில் அத்தழும்பு இருந்தது. ஆம் என்றோம், அதற்குமேல் நா எழவில்லை. அவர் எம் வெறுங்கைகளைப் பார்த்தார். "போத்தல் ஒண்டும் கொண்டரல்லையா, சேர்?" என்றார். தம் பையிலிருந்த இரண்டு போத்தல்களில் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, எம் கையிற் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார்.