வெள்ளாற்றங்கரையிலிருந்து ஒப்பனைக் கூடம் வரை

எங்கள் ஊர் திட்டக்குடி, வெள்ளாற்றின் வடகரையில் உள்ளது. எதிரே தென்கரையில் லப்பைக்குடிக்காடு. இக்கரை கடலூர் மாவட்டம், அக்கரை பெரம்பலூர் மாவட்டம். மாவட்டம் இரண்டானாலும் உறவு ஒன்றுதான். எங்கள் சாச்சிமார்களும் மாமிமார்களும் பெரும்பாலும் அக்கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கின்றனர். கோடையில் வெறும் மணல்வெளியாகக் கிடக்கும் ஆறு, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் எங்கள் கல்யாணப் பேச்சுகளையும் நிறுத்தி வைத்துவிடும்.

என் கல்யாணப் பேச்சு நின்றதற்கு வெள்ளம் காரணமன்று. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டு அம்மா அழுதார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர், சிறு டப்பா ஒன்றை என் கையில் கொடுத்து, "இரவில் தடவு, பத்தே நாளில் பார்" என்றார். பத்து நாளில் முகம் வெளுக்கத்தான் செய்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நன்னி மட்டும் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கழுத்து யாருடையது, முகம் யாருடையது?" என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் விருத்தாசலத்தில் மணப்பெண் அலங்காரம் கற்றுத் தருவதாகக் கேள்விப்பட்டேன். அத்தா முதலில் தயங்கினார்கள். கற்பிப்பவரும் பெண், கற்பவர்களும் பெண்கள் என்று நேரில் விசாரித்து அறிந்த பின்னரே இசைந்தார்கள். மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். விருத்தாசலம் பலருக்கு ரயில் சந்திப்பாகத்தான் தெரியும். எங்கள் பகுதியினருக்கு அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்குண்டு. மின்சார ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், பொம்மைகள் எனப் பலவும் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன.

முதல் நாளே தூரிகையைக் கையில் கொடுப்பார்கள் என்று எண்ணிச் சென்றேன். கொடுக்கத்தான் செய்தார்கள், கழுவுவதற்கு! முதல் வாரம் முழுவதும் அதே வேலைதான். ஒருவர் முகத்தில் பட்ட தூரிகையைக் கழுவி உலர்த்தாமல் அடுத்தவர் முகத்தில் வைக்கக் கூடாது. களிம்பை டப்பாவுக்குள் விரலைவிட்டு எடுக்காமல், சிறு கரண்டியால் தட்டில் எடுத்தே பயன்படுத்த வேண்டும். புதிய பூச்சு எதுவாயினும் முந்தைய நாளே முழங்கை மடிப்பில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் வாரம் நகப்பூச்சுப் பாடம். ஆசிரியை என்னிடம், "உங்கள் மணப்பெண்கள் இதை வேண்டாம் என்கிறார்களே, ஏனம்மா?" என்று கேட்டார். ஒளுச் செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், பூச்சு அதைத் தடுத்துவிடும், மருதாணியோ நிறத்தை மட்டும் விட்டுச் செல்வதால் தடையில்லை என்று விளக்கினேன். அவர் உடனே குறிப்பேட்டை எடுத்து, 'தொழுகை நேரத்தை முதலில் கேட்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் அந்தக் கூடம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் நிறம் பொருத்தும் பாடம். உடன் பயிலும் தோழி என் முகத்தில் இரண்டு படி வெளுத்த பூச்சைத் தடவினாள். விளக்கொளியில் அழகாகவே இருந்தது. ஆசிரியை என்னை வாசலுக்கு அழைத்துச் சென்று, வெயிலில் கண்ணாடியைக் காட்டினார். முகம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. நன்னி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "தாடையோரம் தடவிப் பார், எந்த நிறம் கழுத்தோடு கலந்து மறைகிறதோ அதுதான் உன் நிறம்" என்றவர், என் கன்னத்தை உற்று நோக்கி, "வீட்டில் என்ன தடவுகிறாய்?" என்று கேட்டார்.

மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். தயாரித்தவர் பெயரில்லை, சேர்மானப் பட்டியலில்லை. தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. பாதரசம் கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம் என்றார் ஆசிரியை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒரு வகை நோய் 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய பிரிவொன்று இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு தடவியவர்கள்! தடவுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண் பகுதிக்கானவை நீங்கலாக மற்றப் பூச்சுகளில் தற்செயலாகக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது.

அன்று பேருந்தில் வீடு திரும்பியபோது வழியில் எதுவும் என் கண்ணில் படவில்லை. அடுத்த நாளே அம்மா என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். சோதனையில் சிறுநீரில் புரதமில்லை என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! டப்பாவை ஆற்றில் எறிந்துவிடலாம் என்றாள் தங்கை. ஆற்று மீனுக்கும் அது நஞ்சல்லவா? காற்றுப் புகாத பையிலிட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.

தோழி ஒருத்தியின் தந்தை பீங்கான் பட்டறைத் தொழிலாளி. ஒரு நாள் மதியம் அங்கே போனோம். அவர் கையிலிருந்த வெண்களிமண்தான் முகப்பவுடரிலும் சேர்கிறது என்றறிந்து வியந்தேன். மெருகுக்குப் பழுப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடே எங்கள் பூச்சுகளுக்கும் நிறம் தருகிறது. மயிரிழை போல் வெடிப்போடியிருந்த விளக்கொன்றைக் காட்டி, "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டேன். "உள்ளே இருக்கிற மண்ணுக்குப் பொருந்தாத மெருகம்மா. சூளையிலே நல்லாத்தான் இருக்கும், ஆறினால் வெடிச்சுடும்" என்றார் அவர்.

அண்மையில் அக்கரையில் ஒரு நிக்காஹ். நான் அலங்கரித்த முதல் மணப்பெண். என்னைப் போலவே மாநிறம். "கொஞ்சம் வெளுப்பாப் போட்டு விடும்மா" என்று கெஞ்சினார்கள் அவளுடைய தாயார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படித்தானே அழுதார்கள்? பெண்ணின் தாடையில் இரு நிறங்களைத் தடவி, சன்னலோரம் அழைத்துச் சென்று காட்டினேன். தாயார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு வெளுத்ததைத் தம் முந்தானையாலேயே துடைத்துவிட்டு, "இதுதான் என் பிள்ளை" என்றார்கள்.

சகோதரிகளே! பெயரும் சேர்மானமும் இல்லாத டப்பா உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். பெண் பார்க்கச் செல்லும்போது, நிறத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன் சற்றே நிதானியுங்கள். அந்த ஒரு சொல்தான் என்னை அந்த டப்பாவிடம் கொண்டுபோய் விட்டது.