கோடையும் கெண்டையும்

கோடை விடுமுறையில் உபாத்தியாயர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பலர் நம்மைக் கேட்பதுண்டு. விடைத்தாள் திருத்துகிறோம் என்றால் அநுதாபம் காட்டுவார்கள். மீன் பிடிக்கிறோம் என்றால் சிரிப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே காரியந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டிலும் மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போதாவது ஒரு தடவை நல்லது ஒன்று அகப்படும்.

நமக்கு உத்தியோகம் சேலத்தில். மாமனார் ஊர் கொளத்தூருக்குப் பக்கத்தில். ஆகவே மே மாதம் பிறந்தால் குடும்பம் மாமனார் வீட்டில் இறங்கும். நாம் பண்ணவாடிப் பரிசல் துறையில் இறங்குவோம். மாமனாருக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை. பி.எஸ்ஸி. படித்த மாப்பிள்ளை புழுவும் கையுமாக வீதியில் போகிறாரே என்று ஒரு குறை. ஆனாலும் குழம்பு கொதிக்கும்போது அந்தக் குறையை மறந்துவிடுவார்.

மேட்டூர் அணையை 1934-ல் கட்டி முடித்தார்கள். அப்போதைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயரை எந்தப் பரிசல்காரரும் சொல்லி நாம் கேட்டதில்லை. அவர்களுக்கு அது எப்போதும் 'டேம்'தான். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதெல்லாம் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தஞ்சாவூர் விவசாயி அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் மே மாதத்தில், இங்கே ஜலம் வற்றி வற்றி உள்ளே போய்க்கொண்டிருக்கும். வெளியே வந்த நிலத்தில் சோளமும் கடலையும் விதைத்தவர்கள் ஒரு பக்கம். ஊரை விட்டு எழுந்து போனவர்களின் பழைய கோயிலும் நந்தியும், மாதா கோவிலின் இரட்டைக் கோபுரமும் நீரிலிருந்து தலை தூக்குவது ஒரு பக்கம். நந்தி முழுதும் தெரிந்தால் விவசாயிக்குக் கவலை, தூண்டில்காரனுக்கு உற்சாகம். அகன்று கிடந்த நீர் குறுகினால் மீனும் நெருங்கி நிற்கும் அல்லவா?

நெருங்கி நிற்பதனாலேயே அகப்பட்டுவிடும் என்று நினைத்தால் அதுதான் தப்பு. முதல் இரண்டு கோடைகளில் நாம் அப்படி நினைத்துத்தான் உச்சி வெய்யிலில் உட்கார்ந்து முகம் கறுத்தோம். நமக்கு உண்மையை உபதேசித்தவர் பரிசல்காரப் பெரியவர். எழுபதை நெருங்கும் வயது, மீன்பிடி உரிமம் பெற்றவர், பேச்சுக் குறைவு. விடியற்காலையில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்களைக் காட்டி, "ராத்திரி பூராவும் மூச்சு முட்டிக் கெடந்துதுங்க, இப்பத்தான் மேல வருது" என்றார். இதையே நாம் வகுப்பில் வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தோம். 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். போதாததற்கு, பகலெல்லாம் பிராணவாயுவை வெளியிடும் பச்சைப் பாசி இரவில் தானே அதை உட்கொள்ளத் தொடங்கிவிடும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் மீனுக்கு மிகவும் கஷ்டகாலம். சூரியன் ஏறிப் பாசி வேலையை ஆரம்பித்த பிறகே அதற்குப் பசி வரும். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருந்தும் அதைத் தூண்டிலோடு சேர்த்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

வெய்யில் ஏறியதும் மீன் எங்கே போகிறது? அடி ஆழத்துக்கு என்றுதான் நாமும் எண்ணினோம். ஆனால் கோடையில் அடி நீரில் பிராணவாயு குறைவு. அங்கே அதிக நேரம் தங்க முடியாது. அணைக்கு முன் காவேரி ஓடிய பழைய பள்ளத்தின் விளிம்பு, முழுகிப்போன சுவர்களின் நிழல், பாறை இடுக்கு, இப்படி நடு ஆழத்தில்தான் நிற்கும். பெரியவர் காற்றையும் பார்ப்பார். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையோரம் நுண்பாசியும் பூச்சிகளும் ஒதுங்கும். அவற்றைத் தின்னக் கட்லா வரும். அதன் வாய் மேல் நோக்கித் திறந்திருக்கும். மேல் நீரில் மேய்வது. ரோகு நடுவில். மிருகாலுக்கு வாய் கீழே, சேற்றைத் துழாவுவது. மூன்றும் கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபிக் கெண்டையோ 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். தாய் தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். இந்த வாய்களைப் பார்த்தாலே தக்கையை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பது விளங்கிவிடும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை கெண்டை இனங்களுக்கு, மண்புழு கெளுத்திக்கு, விராலுக்கும் வாளைக்கும் உயிருள்ள குஞ்சு மீன். புண்ணாக்கைச் சற்று வறுத்தால் வாசனை தூக்கும் என்பது நம் சொந்தக் கண்டுபிடிப்பு. மாமியார் தம் வாணலியைத் தேடியபோது அது வெளிப்பட்டது.

சென்ற வருஷத்துக்கு முந்திய கோடையில், நம் குமாரி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. காலையில் இரண்டு ரோகு அகப்பட்டன. ஒன்று அவள் பிடித்தது. நடுப்பகலில் கரையேறிக் கட்டுச்சோறு தின்று தூங்கினோம். நாலு மணிக்கு மறுபடியும் பரிசலில் ஏறினோம்.

ஐந்து மணி இருக்கும். பாலமலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றது. நீர் எண்ணெய் போல் அசையாமல் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மீன் கொத்தத் தொடங்கியது.

"சுருட்டிக்கலாங்க" என்றார் பெரியவர்.

"இன்னும் ஒன்று, பெரியவரே" என்றோம்.

அவர் மலையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், பேசாமல் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். வேறு யாராயிருந்தாலும் அதட்டிக் கரை சேர்த்திருப்பார். நாம் அந்த ஊர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் இரண்டாந்தடவை சொல்வது அங்கே மரியாதை இல்லை. இது நமக்கு நன்றாய்த் தெரியும். தெரிந்தே அதைப் பிரயோஜனப்படுத்திக்கொண்டோம்.

தக்கை மறைந்தது. கழி வளைந்த வளைவிலிருந்தே பெரிய கட்லா என்று தெரிந்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த நிமிஷத்தில் மலைப்பக்கத்திலிருந்து காற்று வந்து விழுந்தது. ஆம், வீசவில்லை; விழுந்தது. எண்ணெயாய் இருந்த நீர் ஆளுயரம் எழும்பியதாகத் தோன்றியது. உண்மையில் மூன்றடி இருக்கலாம். உட்கார்ந்திருப்பவனுக்கு மூன்றடி போதும்.

"நரம்ப அறுங்க! பாப்பாவப் புடிங்க!" என்று பெரியவர் கத்தினார்.

ஒரு கையால் குழந்தையைப் பிடித்தோம். மறு கையில் கழி இருந்தது. அதை விடவில்லை. எத்தனை விநாடி என்று சொல்ல முடியாது; ஐந்தோ, பத்தோ. பரிசல் அந்தப் பக்கமே சாய்ந்து ஜலம் உள்ளே வந்தது. குழந்தை நம் முகத்தைப் பார்க்கவில்லை, கழியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் விட்டோம்.

பெரியவர் துறையை நோக்கித் துடுப்புப் போடவே இல்லை. எதிர்க் காற்றில் போடுவது வீண் என்று அவருக்குத் தெரியும். காற்று போகும் போக்கிலேயே பரிசலை விட்டு, சுழலாமல் மாத்திரம் பார்த்துக்கொண்டார். நாம் கட்டுச்சோற்றுப் பாத்திரத்தால் ஜலத்தை இறைத்தோம். பரிசல் நந்தி நின்ற மேட்டுப் பக்கம் போய்ச் சேற்றில் மோதி நின்றது. முழங்கால் மட்டும் சேறு. பெரியவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். நாம் பின்னால் ஒரு செருப்பை இழந்து, பிறகு மற்றதையும் இழந்து கரையேறினோம். மழை அரைமணி நேரம் அடித்தது. மூவரும் கல்லோடு கல்லாக ஒண்டி உட்கார்ந்திருந்தோம். பெரியவர் பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார்; நெருப்புப்பெட்டி நனைந்துபோயிருந்தது. அவர் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் வீட்டார் அனைவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?" என்று நம் இல்லத்தரசி கேட்டாள். நாம் வாயைத் திறப்பதற்குள் குமாரி, "ஒரு பெரிய மீனும்மா, தப்பிச்சுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரவு அவள் மீன் சாப்பிடவில்லை. தூக்கம் வருகிறது என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் நாமே இல்லத்தரசியிடம் முழுதும் சொன்னோம். அவள் சொன்ன பதிலை இங்கே பிரசுரிப்பதற்கில்லை. அந்த வருஷம் அப்புறம் துறைப் பக்கம் போகவில்லை.

அடுத்த கோடையில் குமாரி தானாகவே கேட்டாள். சேலத்தில் மூன்று மிதவைச் சட்டைகள் வாங்கிக்கொண்டு போனோம். ஆரஞ்சு நிறம், சிறியது ஒன்று, பெரியது இரண்டு. பெரியவரிடம் ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். பாலமலை மேல் கருத்தால் அவர் கேட்க வேண்டியதில்லை, பேசாமல் துடுப்பைப் போட வேண்டியதுதான். மாப்பிள்ளை உறவு கரையோடு சரி. அவர் தலையை ஆட்டினார். அந்த மே மாதத்தில் இரண்டு தடவை அப்படிக் கரை சேர்த்தார். ஒரு தடவை மேகம் வந்த சுவடே தெரியாமல் கலைந்துபோயிற்று. கொத்திக்கொண்டிருந்த மீனை விட்டுவந்த கோபம் நமக்கு. குமாரி நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மிதவைச் சட்டையைப் பெரியவர் நம் திருப்திக்காகப் பரிசலில் போட்டுக்கொள்கிறார். கரையேறியதும் கழற்றி மடித்து, மத்தியான்னத் தூக்கத்துக்குத் தலைக்கு வைத்துக்கொள்கிறார். அதற்கு அது மிகவும் வசதியான சாமான் என்று அவருடைய அபிப்பிராயம்.