இரவு ரயிலில் தொலைந்த எழுத்து

நோர்வே மொழியில் இரவுக்கு ‘நத்’, ரயிலுக்கு ‘தோக்’. அவர்கள் எழுத்தில் முதற்சொல்லின் கடைசியில் இரண்டு ‘த்’, அடுத்ததன் தொடக்கத்தில் ஒன்று. கோத்தால் மூன்று வரவேண்டும். வராது. ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பது விதி. ‘நத்தோக்’ இரண்டோடு முடிந்துவிடும்.

ஆனால் அச்சில் அந்தச் சொல் வரியின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், விழுங்கப்பட்ட ‘த்’ திரும்பி வந்தாக வேண்டும். மேல் வரியில் இரண்டு, ஒரு சிறுகோடு, கீழ் வரியில் ஒன்று. பாகப்பிரிவினை என்று வந்தபின் அவரவர் பங்கு அவரவருக்கு. ஜெர்மன்காரர்களும் முன்பு ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்கள். 1996 சீர்திருத்தத்தில் பொறுமையிழந்து, எப்போதும் மூன்றையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய கப்பற்பயணத்தில் இப்போது மூன்று ‘ஃப்’ அணிவகுத்து நிற்கின்றன. வசதிதான், ரசம் போய்விட்டது.

எனக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தவன் ஒஸ்லோவில் இருக்கும் அக்காவின் மகன். ஒருமுறை அங்கே போயிருந்தபோது, ஈஸ்டர் காலத்துக் கடை விளம்பரம் ஒன்றை மேசையில் விரித்து வைத்து, எழுத்துக்கூட்டி ‘லம்மெ லோர்’ என்று வாசித்தேன். ஆட்டுக்குட்டித் தொடை, ஈஸ்டருக்கு அங்கே பல வீடுகளில் அதுதான் சமையல். அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான். “மாமா, நீங்கள் ரெண்டு சொல்லா வாசிக்கிறியள். அப்பிடிச் சொன்னா விறைச்சுப்போன தொடையள் எண்டு அர்த்தம். ஒண்டா வாசியுங்கோ.” பிறகு பாடம் நடந்தது. முழு அழுத்தமும் முதல் துண்டில் விழவேண்டும். இரண்டாவதற்கு மிச்சம் மீதிதான். ஒஸ்லோப் பேச்சில் குரல் உயரத்தில் தொடங்கி, சரிந்து, கடைசியில் மறுபடி ஏறும். நான் இரண்டு துண்டையும் சரிசமமாகக் குத்திக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டியைப் பக்கவாதத்திலிருந்து மீட்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

காது பிழைவிடாத இடத்தில் கைதான் பிழைவிடுகிறது. ‘ரொய்க்ஃப்ரித்’ என்று சேர்த்து எழுதினால் புகைபிடிக்காத இடம். நடுவே ஓர் இடைவெளி விட்டால், தாராளமாகப் புகையுங்கள் என்று அழைப்பு. 2004 ஜூன் 1 முதல் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை விதித்த நாட்டில் இது சின்ன விஷயமா? வானத்தைப் பார்க்க வேண்டிய வானியலாளர்கள் சிலர் இந்த இடைவெளிகளைப் பொறுக்கமாட்டாமல் ‘சொற்பிளப்புக்கு எதிரான வானியலாளர்கள்’ என்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். அவர்கள் கட்சியில்தான் நான். நடுகல்லில் ஒரு ‘க்’ கூடினால் வீரன் போய், வெறுமனே நடுவில் கிடக்கிற கல் மிஞ்சும் என்று தெரிந்தவன் வேறெந்தக் கட்சியில் சேர முடியும்?

இதைவிட நுட்பமானது ‘ஸ்’ விவகாரம். வைன் கோப்பை ‘வீன்கிளாஸ்’. நடுவில் எதுவும் வேண்டாம். செவ்வைன் கோப்பை ‘ரோவீன்ஸ்கிளாஸ்’. முன்னால் ஒரு சொல் சேர்ந்ததும் எங்கிருந்தோ ஒரு ‘ஸ்’ வந்து, பெரிய மூட்டு இதுதான் என்று காட்டிக்கொடுக்கிறது: சிவப்பு வைனுக்கு, கோப்பைக்கு அல்ல. சிவப்புக் கோப்பை வேண்டுமென்றால் சிவப்பைத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாக் கூட்டுச்சொல்லிலும் இந்த ‘ஸ்’ இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வழக்கம் எப்படியோ அப்படி.

எதுவும் உதவாத சொல்லும் உண்டு. ‘ஃபிஸ்கெரெத்’ என்றால் மீன் உணவு. மீன்பிடி உரிமையும் அதுவே. ‘ரெத்’ சட்டியிலும் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது. வரி ஓரத்தில் உடைத்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் உடையும். மருமகனிடம் கேட்டேன், எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று. “பசிச்சா ஒண்டு, வழக்கெண்டா மற்றது” என்றான்.