உரிமம் என்பதும் ஓர் அமானிதமே

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

ஓசூர் சிப்காட் பகுதியை ஒட்டிய ஒரு மதரஸாவில் நீண்ட காலமாக ஓதிக்கொடுத்து வருகிறோம். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் தந்தையரில் பலர் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். மற்றவர்கள் வயரிங், பிளம்பிங், வெல்டிங், பழைய இரும்பு என்று கைத்தொழிலால் வாழ்பவர்கள். 1980களில் அசோக் லேலண்டும், டி.வி.எஸ்ஸும், டைட்டனும் இங்கே வந்த பின்னர் இவ்வூர் வளர்ந்த வேகத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. வீடுகள் எழும் இடத்தில் எல்லாம் வயரிங் வேலைக்கு ஆள் தேவை. நமது இளைய தம்பியும் அப்படித்தான் பள்ளிப்படிப்பை முடித்தவுடன் இத்தொழிலுக்குள் நுழைந்தார்.

இக்கட்டுரை அவரைப் பற்றியது. அதைவிடவும் நம்மைப் பற்றியது. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம். தவற்றைச் சொன்னால் பிறருக்குப் பயன்படும் என்ற நிய்யத்துடன் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸாவின் மேல்தளம் கட்டப்பட்டது. நிதி குறைவு. தம்பி கூலி வாங்காமல் முழு வயரிங்கையும் செய்து கொடுத்தார். கைத்திறனில் அவருக்குக் குறைவில்லை. ஆனால் அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை தேவைப்பட்டது. ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். அவர் கட்டடத்தின் படியைக்கூட மிதிக்கவில்லை. நாம் அதை அறிவோம். “எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், வெறும் காகிதம்தானே” என்று தலையசைத்தோம்.

மழைக்காலம் வந்தது. போர்டில் பொருத்தியிருந்த ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின் பாதுகாப்புச் சாதனம் அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. பாடம் நடக்கும்போது மின்விசிறி நிற்கும், விளக்கு அணையும். “தம்பி, இது பெரிய தொல்லையாக இருக்கிறது. எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடு” என்று சொன்னவர் வேறு யாருமில்லை, நாமே. அண்ணன் சொல்லைத் தட்டாமல் அவரும் அப்படியே செய்தார்.

பத்து நாள் சென்றிருக்கும். அஸர் தொழுகைக்கு உளூ செய்யப் போன பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று குழாயைப் பிடித்தபடி அலறியது. கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. மூத்த மாணவர் ஒருவர் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை அணைத்தார். அல்லாஹ்வின் கருணையால் பிள்ளைக்கு மூச்சு இருந்தது. ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரவு எப்படிக் கழிந்தது என்பதை எழுத்தில் சொல்ல இயலாது.

இஷாவுக்குப் பின் தம்பி டார்ச் வெளிச்சத்தில் போர்டைத் திறந்தார். தண்ணீர் மோட்டாரின் உள்ளே ஈரம் இறங்கி, அதன் இரும்பு உடலில் மின்சாரம் ஏறியிருந்தது. அதிலிருந்து இரும்புக் குழாய்க்கும் பரவியது. எர்த் கம்பி வழியாக அது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். “அண்ணே, கம்பி போர்டு வரைக்கும் வந்திருக்கு. அதற்கப்பால் குழியே போடலையே. அப்புறம் போடலாம்னு விட்டேன், தளம் போட்டுட்டாங்க” என்று சொல்லித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டடத்தை ஒருவர் நேரில் வந்து எர்த் சோதனைக் கருவியால் அளந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆர்.சி.சி.பி. இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் அதிர்ச்சி இருந்திருக்காது. மனித உயிரைக் காப்பதற்காகப் பொருத்தப்படும் அச்சாதனம், 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அது நமக்குத் தொல்லை தரவில்லை; நம்மை எச்சரித்துக்கொண்டிருந்தது. எச்சரித்தவனை நாம் வாயடைத்தோம்.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் ஃபிக்ஹு நூலை விரித்தபோது எழுத்துகள் நம்மையே பார்த்தன. பாதையில் உரிய அனுமதியின்றிக் குழி தோண்டியவர், அதில் ஒருவர் விழுந்து இறந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்ற ஹனஃபி மத்ஹபின் சட்டத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறோம். ‘பிஸபப்’, அதாவது காரணமாக அமைந்து விளைவித்த மரணம் என்று அதற்குப் பெயரும் சொல்லிக்கொடுக்கிறோம். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அறியப்பட்டிருத்தல் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். தனக்குத் தெரியும் என்று ஒருவர் தாமே நினைத்துக்கொள்வது போதாது. தகுதியானவர்கள் அவரை அறிந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நாம் மதரஸாவில் இஜாஸத் பெறாதவரைக் கிராஅத் சொல்லிக்கொடுக்க அமர்த்துவதில்லை. குர்ஆனின் எழுத்துக்கு நாம் கேட்கும் சனதை, பிள்ளைகளின் உயிருக்கு ஏன் கேட்கவில்லை?

அந்தக் கையெழுத்து வேறொரு கேள்வியை எழுப்பியது. பெரும்பாவங்களைப் பட்டியலிட்டபோது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச்சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பார்க்காத கட்டடத்தைப் பார்த்தேன் என்று எழுதித் தருவது சாட்சியம் அல்லாமல் வேறென்ன? அதை விலைக்கு வாங்கியவர்களில் நாமும் ஒருவர்.

இருவரும் பிள்ளையின் தந்தையிடம் சென்றோம். நடந்தது அனைத்தையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. மன்னிச்சுட்டேன். ஆனா அவங்க அம்மாவுக்கு மனசு ஆற நாளாகும்” என்றார். மருத்துவச் செலவை மதரஸா நிதியிலிருந்து எடுக்காமல் நாங்கள் இருவருமே கொடுத்தோம். அந்தப் பிள்ளை இரண்டு மாதங்களுக்குப் பின்னரே திரும்பி வந்தது.

இனி உரிமம் இல்லாமல் தனியாக வேலை எடுப்பதில்லை என்று தம்பி முடிவு செய்தார். அப்போதுதான் சட்டம் என்ன சொல்கிறது என்பதையே நாம் தேடிப் படித்தோம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, பல்பு, மின்விசிறி, சுவிட்சு, ஃப்யூஸ் போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகள் நீங்கலாக, எந்த மின் அமைப்பு வேலையையும் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று இருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே சொல்லின. நம் மாநிலத்தில் இவற்றை வழங்குவது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பி உதவியாளர் என்று தனிமனிதருக்குரிய தகுதிச் சான்றிதழ்கள் ஒரு வகை. தொழில் நடத்துவோருக்குரிய ஒப்பந்ததாரர் உரிமம் மற்றொரு வகை. அதிலும் ஈ.ஏ., ஈ.பி. எனத் தரங்கள் உண்டு.

தம்பி ஐ.டி.ஐ. படித்தவர் அல்லர். அவரைப் போன்றோருக்காகவே மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. 21 வயது நிரம்பி, வயரிங் தொழிலில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உள்ளவர்கள் அதை எழுதலாம். முதன்முதலில் தமக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவரிடம் ஆறு ஆண்டுகள் உண்மையாகவே வேலை பார்த்திருந்ததால், அனுபவச் சான்றுக்கு அவரைத் தேடிப் போனார். நாற்பதை நெருங்கும் வயதில் இருபத்திரண்டு வயது இளைஞர்களோடு அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் அமர்ந்து தேர்வு எழுதினார். இரவில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓம் விதியைச் சத்தமாகப் படிப்பார். ஹிஃப்ழு பிள்ளைகள் ஸபக் ஓதுவது போலவே இருக்கும்.

தேர்ச்சி பெற்றதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உதவியாளர் சான்றிதழ் பிறரிடம் வேலை பார்க்கவே போதும். சொந்தமாக ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டுமானால் மேற்பார்வையாளர் சான்றிதழ் உள்ள ஒருவரும், தகுதி பெற்ற மின்கம்பியாளர்களும், மெகர், எர்த் சோதனைக் கருவி முதலிய கருவிகளும் இருக்க வேண்டும். தம்பி உரிமம் பெற்ற ஒருவரிடம் நாள் கூலிக்குப் போனார். முன்பு தாமே வேலை எடுத்துச் சம்பாதித்ததில் பாதிதான் வந்தது. “ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே” என்று அம்மா நம்மைத்தான் கடிந்துகொண்டார்கள். அம்மா சொன்னதில் உண்மையும் இருந்தது.

சோதனை அந்தக் காலத்தில்தான் வந்தது. மேற்பார்வையாளர் சான்றிதழ் வைத்திருந்த ஒருவர், மாத வாடகைக்கு அதைத் தர முன்வந்தார். பெயர் அவருடையது, வேலை தம்பியுடையது, அவர் எந்த வேலையிடத்துக்கும் வரமாட்டார். தம்பி தயக்கத்தோடு நம்மிடம் கேட்டார்: “அண்ணே, இப்ப எனக்கு வேலை சுத்தமாத் தெரியும். எர்த் குழியை இனி மறப்பேனா? பேருக்கு ஒரு சான்றிதழ் இருந்தாப் போதுமே. இது ஹராமா?”

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நமக்குத் தெரியும். பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்து சொன்னோம்: “தம்பி, அன்றைக்கும் உனக்கு வேலை தெரியும். தெரிந்தவன் மறக்கும்போது பிடித்துக்கொள்ளத்தான் இரண்டாவது கண். அந்தக் கண்ணுக்கு வாடகை கொடுத்து மூடி வைக்கலாமா?” அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். ஒரு வாரம் நம்மிடம் பேசவில்லை.

அதன் பின் அவருக்குப் பழைய நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். மின்னியல் டிப்ளமோ முடித்தவர். மாற்று மதச் சகோதரர். தொழிற்சாலையில் பராமரிப்புப் பணி பார்த்து அனுபவமும் மேற்பார்வையாளர் சான்றிதழும் பெற்றவர். இருவரும் கூட்டாகச் சேர்ந்தார்கள். உழைப்பால் கூட்டுச் சேர்வதை நம் ஃபிக்ஹு அனுமதிக்கிறது. ஒவ்வொரு வேலையிடத்துக்கும் நண்பர் நேரில் வருவார், அவர் அளந்து பார்க்காத எதிலும் கையெழுத்து விழாது என்று இருவரும் எழுதி வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பம், கருவிகள், காத்திருப்பு என்று மேலும் பல மாதங்கள் சென்றன. இடையில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரு பெரிய வீட்டு வேலை வந்தது. கர்நாடகத்தில் வேலை செய்ய அம்மாநில மின் ஆய்வுத் துறையின் உரிமம் தேவை. தமிழ்நாட்டு உரிமம் எல்லைச் சாவடியைத் தாண்டாது. ஜூஜூவாடியிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். ஆனாலும் அவ்வேலையை விட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இறுதியில் உரிமம் கைக்கு வந்தது.

அவர்கள் செய்த முதல் வேலை நமது மதரஸாதான். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி எர்த் குழாயை இறக்கினார்கள். மோட்டாரை மாற்றினார்கள். ஆர்.சி.சி.பி.யைத் திரும்பப் பொருத்தினார்கள். நண்பர் 500 வோல்ட் மெகரை வைத்து ஒவ்வொரு சுற்றையும் அளந்து எழுத, தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இன்றும் அது அந்தக் குழாயில் உளூ செய்வதில்லை. பிளாஸ்டிக் குவளையைத்தான் தேடும். நாமும் வற்புறுத்துவதில்லை.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! வீடு கட்டும்போது கொத்தனாரையும் மரவேலைக்காரரையும் விசாரிக்கும் நாம், வயரிங் செய்பவரிடம் உரிம எண்ணைக் கேட்க வெட்கப்படுகிறோம். கேளுங்கள். எர்த் குழி எங்கே என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சோதனை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அது விழவேண்டும். அடிக்கடி தானாக விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள், அதை எடுத்துவிடாதீர்கள். ரமளானுக்கும் திருமணங்களுக்கும் சீரியல் விளக்கு கட்டும் பள்ளி நிர்வாகிகளுக்கும் இதையே சொல்கிறோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றி எரிந்தபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடும் என்றுகூட எச்சரித்தார்கள். ஒரு திரிக்கே அவ்வளவு கவலை கொண்டவர்களின் உம்மத் நாம்.

யா அல்லாஹ்! எங்கள் அலட்சியத்தை மன்னிப்பாயாக. எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக. கைத்தொழிலால் வாழும் எங்கள் சகோதரர்களுக்கு ஹலாலான வருவாயில் பரக்கத்தைத் தருவாயாக. ஆமீன்.