100-இல் தொடங்கும் முகவரி

வெள்ளி இரவு

மகளும் கோவையிலிருக்கும் அண்ணன் மகனும் சேர்ந்து மைன்கிராஃப்டில் ஓர் ஊர் கட்டப்போகிறார்கள். ஜாவா பதிப்பு, சர்வர் மதுரையில் எங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது. 192.168.1.5 என்று அடித்ததும் மகள் உள்ளே போய்விடுகிறாள். அவனால்தான் நுழைய முடியவில்லை. "அத்தை, டைம்டு அவுட்னே வருது" என்கிறான், குரல் கம்மி. இந்த விடுமுறைக்கு அவன் இங்கே வரமுடியாது. இதையாவது நான் சரிசெய்து தரவேண்டும்.

சனி

192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே வீடு முழுவதற்கும் ரவுட்டரின் முகவரி ஒன்றுதான். நாம் கேட்டு வருகிற பதிலை எந்தக் கருவிக்குத் தரவேண்டும் என்று ரவுட்டர் குறித்து வைத்திருக்கும். இதுதான் நாட். கேட்காமல் வெளியிலிருந்து வரும் அழைப்பை யாரிடம் தருவதென்று தெரியாமல் தள்ளிவிடும். படம் பார்க்க இது போதும், சர்வர் வைக்கப் போதாது. எக்ஸ்பாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' என்றும் பிளேஸ்டேஷனில் 'டைப் 3' என்றும் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சிக்கலைத்தான்.

லேப்டாப்புக்கு நிலையான உள்முகவரி கொடுத்து, மைன்கிராஃப்ட் சர்வர் கேட்கும் டிசிபி 25565 போர்ட்டை ரவுட்டரில் அதற்குத் திருப்பினேன். விண்டோஸ் ஃபயர்வாலில் ஜாவாவை அனுமதித்தேன். டிஎம்இசட் பக்கம் போகவில்லை. அது ஒரு கருவியை முழுவதுமாக வெளியே திறந்துவிடும். யூபிஎன்பியையும் அணைத்துவிட்டேன். வீட்டிலுள்ள எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமல் போர்ட் திறந்துகொள்வது எனக்குச் சம்மதமில்லை.

அவனுக்கு இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிறு

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விடை இருந்தது. வேன் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, 100.72 என்று தொடங்குகிறது. இணையத்தில் பார்த்தால் எங்கள் முகவரி வேறாக இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை இணைப்பு நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்று 2012-இல் ஒதுக்கினார்கள். அதாவது எங்கள் ரவுட்டருக்கு மேலே நிறுவனத்தின் நாட் இன்னொன்று இருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. என் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

பங்கிடக் காரணம் பற்றாக்குறை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. உண்மையான தீர்வு புதிய முறையான ஐபிவி6. எங்கள் இணைப்பில் அது இன்னும் வரவில்லை.

திங்கள்

வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசியவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அடுத்தவருக்கு விஷயம் புரிந்தது. மாதக் கட்டணத்துக்கு மேல் பணம் கட்டினால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது எங்களுக்கே உரிய நிலையான பொது முகவரி, தருவார்களாம். இணைப்பு தரும்போது வேகத்தையும் ஓடிடியையும் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. விண்ணப்பத்தாளிலேயே அச்சிட வேண்டிய தகவல் இது. பிள்ளைகளுக்காகக் கட்டிவிட்டேன்.

புதன்

காலையில் ஐபி மாறியது. சனிக்கிழமை செய்த அமைப்பு அப்படியே வேலை செய்தது, அவன் உள்ளே வந்துவிட்டான். மாலைக்குள் சர்வர் பதிவேட்டில் முன்பின் தெரியாத முகவரிகள் வந்து தட்டியிருந்தன. திறந்த போர்ட்டுகளைத் தேடியலையும் நிரல்கள் அவை. ஒயிட்லிஸ்ட்டைப் போட்டு இரண்டு பிள்ளைகளின் பெயரை மட்டும் சேர்த்தேன்.

புது இணைப்பு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் இரண்டைக் கேளுங்கள்: பொது ஐபி உண்டா, ஐபிவி6 உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.