வாசல் ஏறாத காணிக்கை

தவக்காலம் நெருங்கியதும் கத்தோலிக்கப் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது முதலில் வந்து விழுவது ஒரு கியூஆர் படம். கீழே வங்கிக் கணக்கு எண், அதற்கும் கீழே தாராளமாக உதவும்படி ஒரு வரி. திருநீற்றுப் புதனன்று வீட்டுக்கு வீடு உண்டியல் கொடுத்து, பெரிய வியாழனுக்குள் திரும்ப வாங்கி வந்த அன்பியக் குழுப் பொறுப்பாளர்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ரசீதுப் புத்தகமும் துணிப்பையுமாகத் தெருவில் இறங்குகிறவர்களை ‘வசூல் கோஷ்டி’ என்று பங்குப்பேரவைக் கூட்டங்களிலேயே சொல்லக் கேட்கிறோம். அந்தப் பேச்சு சுடுகிறது. ஆயுளின் நல்ல பகுதியை இந்த வேலைக்குக் கொடுத்தவர்கள் வாய் மூடிக் கேட்டுக்கொண்டு போக முடியாது. பிறரன்புப் பணிக்குப் பணம் திரட்டுவது தனி வேலை. அதில் எவ்வளவு சேர்ந்தது என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். யாரிடம் கேட்டோம், கேட்கப் போனவர் யார், கணக்கை எந்த ஊரில் யார் முன்னால் வாசித்தோம் என்பவை அதற்கு முன்னால் வர வேண்டியவை. இவை மூன்றும் பிசகினால் லட்சம் சேர்ந்தாலும் அந்த வேலை கெட்டுப்போனதாகவே கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலுக்கே போகும் இந்த முறையை யார் கற்றுக் கொடுத்தார் என்று கேட்டால், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் இருப்பவர்கள்கூட பிரெடரிக் ஓசானாம் பெயரைத்தான் சொல்வார்கள். 1833 ஏப்ரலில் பாரிசில் சில மாணவர்களோடு சேர்ந்து அவர் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. படித்த பிள்ளைகள், நல்ல மனசு. ஏழை வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று மட்டும் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் மூஃப்தார் தெருப் பகுதியில் ஊழியம் செய்த அருட்சகோதரி ரோசலி ரெந்து. 1832-இல் காலரா பாரிசை வாரிக்கொண்டு போன நாட்களில் அந்தச் சந்துகளைவிட்டு அகலாதவர். எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்று அந்த மாணவர்களுக்குச் சொல்லி, ரொட்டிச் சீட்டுகளையும் கையில் கொடுத்து அனுப்பினார். ஓசானாமுக்கு 1997-இலும் ரோசலிக்கு 2003-இலும் திருச்சபை அருளாளர் பட்டம் கொடுத்தது. ஓசானாம் படம் நம் கூட்ட அறைகளில் தொங்குகிறது, ரோசலி படத்தைத் தேடத்தான் வேண்டும். சபையின் இன்றைய வழக்கங்கள் எல்லாம் ரோசலி கற்றுக் கொடுத்த அந்த வீட்டுச் சந்திப்பைச் சுற்றி வளர்ந்தவை. இருவராகப் போவது அதில் முதல் வழக்கம். ஒருவர் பேசும்போது மற்றவர் அடுப்பையும் பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கலாம். பணம் ஒற்றைக் கையில் நிற்காது. ஒருவருக்கு இரக்கம் மிஞ்சினாலும் எரிச்சல் மிஞ்சினாலும் மற்றவர் சமன் செய்வார். வாரக் கூட்டத்தில் சுற்றி வருகிற இரகசியப் பை இன்னும் நுட்பமானது. மூடிய கையோடு எல்லாரும் பைக்குள் கை விடுகிறார்கள். யார் நூறு போட்டார், யார் பத்து போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. அன்று கையில் ஒன்றும் இல்லாதவரும் கையை விட்டு எடுக்கிறார். கொடுப்பவர், வாங்குபவர் என்று சபை இரண்டாகப் பிரியாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன். கைபேசியில் பணம் போட்டதும் அந்தத் திரையைப் படம் பிடித்துக் குழுவில் பகிர்ந்து, கீழே கைகூப்பும் படங்களை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இந்தப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது.

ஏழையிடமும் காணிக்கை கேட்பது கொடுமை என்பார்கள். பவுலடியார் அப்படி நினைக்கவில்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் தாம் திரட்டியதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், 8, 9 அதிகாரங்களில், அவர் எடுத்துக்காட்டாக நிறுத்துவது கொடிய வறுமையில் இருந்த மாசிதோனியச் சபைகளைத்தான். தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர்கள் கெஞ்சினார்கள் என்கிறார். கேட்காமல் விட்டிருந்தால் அவர்கள் வாங்குபவர்களாகவே நின்றிருப்பார்கள். கேட்பதற்கு நேரம் தெரிய வேண்டும் என்பது வேறு. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ கரும்பு அனுப்பிவிட்டுப் பாக்கிக்குக் காத்திருக்கிறவர் வாசலில் பையோடு போய் நிற்கக் கூடாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தேவை உச்சத்தில் இருக்கும், அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் காசு இருக்காது. அந்த மாதத்துக்கானதைத் தை மாசியிலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும். கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் பணமே கேட்க வேண்டியதில்லை. இதெல்லாம் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும். கியூஆர் படத்துக்கு எந்த வீட்டில் எப்போது அடுப்பெரிகிறது என்று தெரியாது.

கல்வராயன் மலைக்கு ஏறினால் இந்தப் பாடங்கள் எல்லாம் தடுமாறுகின்றன. எங்கள் வேலையில் இன்றுவரை தீராத சிக்கல் இதுதான். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. கூலியில்லாத வேலையும் விளைச்சலில் பங்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் செலுத்த வேண்டியவையாக இருந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் நினைவில் இருக்கும். பிறகு நோட்டுப் புத்தகத்தோடு ஏறி வந்தவர்கள் வனத்துறையும் வருவாய்த்துறையும். முன்பணம் கொடுத்து வெளியூர் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப் போகும் தரகர்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களின் கதை கிழக்குத் தொடர்ச்சி மலைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நின்றால், அவர் சிலுவை அணிந்திருந்தாலும், இன்னொரு கப்பம் வாங்க வந்தவராகத்தான் தெரிவார். ஆகவே மலையில் கேட்கவே கூடாது, கீழே திரட்டி மேலே கொண்டுபோய்க் கொடுப்போம் என்கிறது ஒரு கட்சி. கிறிஸ்துமசுக்குப் போர்வையும் கேக்கும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு வேன் போகிற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கட்சியின் கருணையை நான் சந்தேகிக்கவில்லை. அதனால் விளைவது நல்லதல்ல. இப்படியே எத்தனை ஆண்டு போனாலும் மலை வாங்குகிற இடமாகவும் சமவெளி கொடுக்கிற இடமாகவும் உறைந்துவிடும். ஜாகீர்தார் எடுத்துக்கொண்டு போனார், நாம் கொண்டுபோய் இறக்குகிறோம். இரண்டு காலத்திலும் எது, எவ்வளவு, யாருக்கு என்று முடிவு செய்வது மலைக்காரர்கள் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது, மெதுவான வழி. மலையில் காணிக்கையைப் பொருளாகக் கேட்க வேண்டும்: சாமை, புளி, கடுக்காய், மரவள்ளி, எது விளைந்ததோ அது. அவர்கள் களத்திலேயே, அவர்கள் தராசிலேயே நிறுக்க வேண்டும். சேர்ந்தது மலையைவிட்டு இறங்கக் கூடாது. எதற்குச் செலவு என்பதை அந்தக் கிராமமே சொல்ல வேண்டும்: உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பெட்டியா, பிரசவத்துக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் வண்டி வாடகையா என்று. நோட்டும் அவர்களில் ஒருவரிடமே இருக்கட்டும். கோவிலுக்கு வராதவர்களிடம் கேட்கக் கூடாது. கொடுக்கும்போது யார் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று பார்க்கவும் கூடாது. அரிசி கொடுப்பதற்கு முன்னால் ஜெபம் சொல்லி நிற்க வைப்பது வாங்குபவரின் பசியைப் பிணையாக வைப்பதாகும். மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு மேடைப் பேச்சைவிட இந்த ஒழுங்கே சரியான பதில். இந்த முறையில் முதல் வருடம் சேர்வது அற்பமாகத்தான் இருக்கும். அந்த அற்பத்தைப் பார்த்துவிட்டு, வேன் அனுப்பினால் ஒரே நாளில் இதைப்போல் பத்து மடங்கு கொடுத்துவிடலாமே என்று கேட்கும் பொறுமையின்மைதான் இந்த முறையைக் கொல்கிறது.

கணக்கு வாசிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்திலேயே அதற்குக் கசப்பான பாடம் இருக்கிறது. எறையூரில் ஒரே விசுவாசம், ஒரே நற்கருணை, ஆனால் பிணம் போகிற பாதையிலும் கல்லறையிலும் சாதி. தலித் கத்தோலிக்கர் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டுப் போராடியதில் மோதல் மூண்டு, 2008 மார்ச் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அந்த நாளை மறந்துவிட்டுக் காணிக்கைக் கணக்கைப் பற்றிப் பேச இந்தப் பகுதியில் யாருக்கும் உரிமை இல்லை. ஒரு பங்கில் திருவிழா வரி யாரிடம் வாங்கப்படுகிறது, யார் வீட்டு வரி திருப்பி அனுப்பப்படுகிறது என்பதிலிருந்தே அங்கே யார் ஆள், யார் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். காலனித் தெருவுக்குப் பை போகவில்லை என்றால், பாவம் ஏழைகள் என்ற இரக்கத்தால் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். பை எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், இருவராகப் போகிறவர்கள் ஒரே தெருக்காரர்களாக இருக்கக் கூடாது, பொருளாளர் கையெழுத்தோடு இன்னொரு தெருக்காரர் கையெழுத்தும் வேண்டும். பவுலும் இந்தக் காரணத்துக்காகவே பணத்தோடு மற்றவர்களையும் சேர்த்து அனுப்பினார்: தம்மை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று.

கைபேசிப் பணத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் தடம் இருக்கிறதே என்பது இளைஞர்களின் வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறேன். ரசீதின் அடிக்கட்டையைக் கிழித்துவிடலாம், வங்கிப் பதிவைக் கிழிக்க முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை என்று சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. பெரிய தொகை வங்கி வழியே வரட்டும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டுமே அந்தத் தடம். கொடுத்தவர் வீட்டில் மூன்று மாதமாகக் கூலி இல்லை, வெட்கப்பட்டுப் பழைய தொகையையே போடுகிறார் என்று அது சொல்லாது. பை கொண்டுபோனவர் கண்ணில் அது பட்டிருக்கும். அடுத்த வாரம் உதவிப் பட்டியலில் அந்த வீடு சேர்ந்திருக்கும். அரசே கொடுக்கும்போது நீங்கள் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் அந்த வாசலில்தான் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. எந்தப் பங்காலும் அந்தத் தொகையை நினைத்துப் பார்க்க முடியாது. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்குத் துணைக்குப் போவதும், கேமராக்கள் போன பிறகு ஆறாம் மாதத்தில் அந்த வீட்டில் போய் உட்கார்வதும் தொகையால் ஆகாதவை. அதற்கு ஏற்கனவே வாசல் பழகிய ஆள் வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை நம்பி இருந்தவர்களுக்கும் ஒரு சேதி: வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் பெற்ற அந்நிய நிதியை இன்னொன்றுக்கு மாற்றவே முடியாது. இனிப் பங்குகளைத் தாங்கப் போவது உள்ளூர்ச் சிறு தொகைதான், அதைத் திரட்டத் தெரிந்தவர்களின் கைகளோ குறைந்துகொண்டே வருகின்றன.

வரும் தவக்காலத்தில் கியூஆர் படம் போகட்டும், தடுக்கவில்லை. அதில் பணம் போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும், போடாத ஒவ்வொரு வீட்டுக்கும், அன்பியத்திலிருந்து இருவர் போக வேண்டும். அவர்களில் ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். உதவி வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுப்பதை அன்றோடு நிறுத்த வேண்டும். உயிர்ப்பு விழாவுக்கு மறுவாரம் கணக்கு வாசிக்கும்போது, கள்ளக்குறிச்சியில் வாசித்து முடித்துவிட்டுத் தாளை மலைக்கு அனுப்பி வைக்காமல், மலைக் கிராமத்தின் கணக்கை மலையிலேயே, நோட்டு வைத்திருக்கிறவரே வாசிக்க வேண்டும். அவர் தடுமாறி வாசித்தாலும் பரவாயில்லை. கீழிருந்து போகிற பொறுப்பாளர்கள் அன்று கேட்பவர்கள் வரிசையில் உட்காரட்டும்.